பன்னிரண்டாம் மாடி வரை ஒரே தம்

செலஸ்டினின் இடுப்பில் பழுப்புப் பட்டை ஏறியது 2014 மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை. அதற்குப் பிறகு பதினோரு ஆண்டும் நான்கு மாதமும் அது அங்கேயே இருந்தது. துவைத்துத் துவைத்துச் சாயம் போய், பால் கூடிப்போன மைலோ பானத்தின் நிறத்துக்கு வந்துவிட்டது. கராத்தே வகுப்பில் யாருக்கும் பட்டப்பெயர் வைப்பதில் முந்திக்கொள்ளும் ரமீஸ், ஒரு நாள் அந்தப் பட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மைலோ அண்ணே" என்றான். அன்றிலிருந்து அதுதான் பெயர்.

"மைலோ எப்ப அண்ணே கோப்பி-ஓ ஆகும்?" என்பான் ரமீஸ். பால் சேர்க்காத கறுப்புக் காப்பியைச் சொல்கிறான். அதாவது கறுப்புப் பட்டை.

"ஆகும்லா. தண்ணி கொதிக்கட்டும்," என்பார் செலஸ்டின்.

கொதிக்கத்தான் இல்லை.

வகுப்பு நடந்தது ஜாலான் புசார் பக்கத்துச் சமூக மன்றம் ஒன்றின் இரண்டாம் தளத்தில், ஞாயிறுதோறும் பிற்பகல் மூன்று மணியிலிருந்து ஐந்தரை வரை. நடத்தியவர் மாஸ்டர் இப்ராஹீம். கறுப்புப் பட்டைக்கு அவர் வைத்திருந்த தேர்வு இரண்டு பகுதி. முதல் பகுதி கட்டா, அதாவது எதிரி இல்லாமல் தனியே செய்துகாட்டும் அடிமுறை வரிசை. இரண்டாவது, பத்துப் பேரோடு தொடர்ந்து மோதுவது. ஆளுக்கு ஒரு நிமிடம், நடுவில் பதினைந்து வினாடி மூச்சு வாங்கலாம். ஆக மொத்தம் பன்னிரண்டு நிமிடம் பதினைந்து வினாடி. ஜெயிக்க வேண்டியதில்லை, கீழே விழுந்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு நிமிடமும் முடிகிறபோது இரண்டு காலில் நின்றுகொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுதான் செலஸ்டினுக்கு எட்டவில்லை. 2023 டிசம்பர் 10 அன்று நான்காவது ஆளோடு முடிந்தது. 2024 டிசம்பர் 8 அன்று ஆறாவது ஆள், முப்பத்தெட்டாவது வினாடி. அன்று அவர் செய்த கட்டாவுக்கு ஐம்பதுக்கு நாற்பத்தாறு மதிப்பெண். அந்த ஆண்டு அதைவிடக் கூடுதலாக யாரும் வாங்கவில்லை. ஆனால் ஆறாவது மோதலில் அவரை யாரும் அடிக்கவே இல்லை. இருந்தாற்போலிருந்து முழங்கால் மடிந்தது, விரிப்பில் உட்கார்ந்துவிட்டார். எதிரே நின்றவன் பயந்துபோய், "சாரி அங்கிள், சாரி," என்று தொடாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்டான்.

மாஸ்டர் இப்ராஹீம் பக்கத்தில் வந்து குந்தினார். "செலஸ்டின், உன் கை கராத்தேக்காரன் கை. கண்ணு கராத்தேக்காரன் கண்ணு. நுரையீரல் மட்டும் லிஃப்ட்ல போகுது."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். காரணம் இருந்தது. செலஸ்டின் மின்தூக்கி பழுதுபார்ப்பவர். இருபத்து நான்கு ஆண்டாக அதே வேலை. அடுக்குமாடி வீடுகளில் மின்தூக்கி நின்றுவிட்டால் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதும், எண்ணெய் விடுவதும், கதவைச் சரிசெய்வதும் அவர் பிழைப்பு. படியேறுவது அவருக்குத் தோல்வியின் அடையாளம். தேசிய சேவைக்கான, அதாவது கட்டாய ராணுவப் பணிக்கான, உடற்தேர்வு நாற்பது வயதோடு முடிந்தது. அவருடைய ஓட்டமும் அன்றோடு நின்றது.

"இன்னும் ஒரு வாய்ப்பு," என்றார் இப்ராஹீம். "ஜூலை 20. அதுலயும் உட்கார்ந்துட்டா விதிப்படி மூணு வருஷம் காத்திருக்கணும். எனக்கே அப்ப அறுபத்து நாலு. உனக்கு?"

"அம்பத்திரண்டு," என்றார் செலஸ்டின். சொல்லும்போதே அந்த எண் நெஞ்சில் இடித்தது. அம்பத்திரண்டில் பத்துப் பேரோடு மோத வருவாரா? வரமாட்டார். தன்னைப் பற்றி அவருக்குத் தெரியும். ஜூலை இருபதுதான். இல்லாவிட்டால் சாகிறவரை மைலோ.

வீட்டில் மனைவி பிலோமினா ஒரே வார்த்தையில் முடித்தாள். "கறுப்புப் பட்டைதானே? சிராங்கூன் ரோட்டுல மீட்டர் என்ன விலைன்னு கேட்டு நானே வாங்கித் தரேன். இனிமே அங்க போய் விழுந்து வாராதீங்க." அவள் பல் மருந்தகம் ஒன்றில் முகப்பில் இருப்பவள். நோயாளியை நாற்காலிக்கு அனுப்பும் அதே குரலில் கணவனிடமும் பேசுவாள். மறுபேச்சு இருக்காது.

அடுத்த ஞாயிறு வகுப்பு முடிந்து தேக்கா உணவங்காடிக்குப் போனபோது, செலஸ்டினோடு சக்தியும் வந்தான். சக்திக்கு முப்பத்திரண்டு வயது, மன்னார்குடிப் பக்கம். ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எம்ஆர்டி ரயில் பிடித்து வகுப்புக்கு வருவான். கராத்தேயில் அவன் இன்னும் வெள்ளைப் பட்டை. உதைத்தால் கால் ஒரு பக்கம் போகும், உடம்பு ஒரு பக்கம் போகும். ஆனால் இரண்டரை மணி நேரம் முடிந்த பிறகும் அவன் சட்டை மட்டும்தான் நனைந்திருக்கும். மூச்சு சீராக இருக்கும்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க," என்று தொடங்கினான். "உங்ககிட்ட வித்தை இருக்கு. தம் இல்ல."

"தம் விட்டு எட்டு வருஷம் ஆச்சுப்பா," என்றார் செலஸ்டின். "2016 நவம்பர் ரெண்டு. கல்லறைத் திருநாள். பிலோ தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கினா."

"ஐயோ, அந்தத் தம் இல்லண்ணே! மூச்சு. நான் காலேஜ் கபடி டீம். எதிராளி கோட்டுக்குள்ள போறவன் பாட்டை விடக் கூடாது, தெரியுமா? பாட்டு அறுந்தா ஆள் அவுட். நீங்க எவ்வளவு பெரிய ஆட்டக்காரனா இருந்தாலும் சரி. தம் இருந்தாத்தான் கையும் காலும் நாம சொல்றதைக் கேக்கும்."

"அதுக்கு என்ன செய்யணும்?"

"உங்க புளோக் எத்தனை மாடி?"

"பன்னிரண்டு."

"தினம் காலையில படியில ஏறுங்க. ஏறும்போது வாயில ஒரு பாட்டு ஓடிட்டே இருக்கணும். எந்த மாடியில அறுந்துச்சோ, அதுதான் இன்னிக்கு உங்க தம். நாளைக்கு ஒரு படியாவது மேல."

"கபடி கபடின்னு சொல்லிட்டு விடியக்காலையில ஏறினா போலீசைக் கூப்பிடுவாங்கடா."

"உங்களுக்கு மனப்பாடமா இருக்கிற எதையாவது சொல்லுங்க. எல்லாம் ஒரே நீளமா இருக்கணும். எண்ண வசதியா இருக்கணும்."

செலஸ்டின் மைலோவைக் கலக்கிக்கொண்டே யோசித்தார். மனப்பாடமாக, ஒரே நீளத்தில், எண்ணுவதற்கென்றே ஏற்பட்டது ஒன்று அவரிடம் இருந்தது. ஜெபமாலை. அதன் ஐந்து பகுதிகளில் ஒன்றான பத்துமணி என்றால் முதலில் ஒரு 'பரலோகத்தில் இருக்கிற', பிறகு பத்து 'அருள் நிறைந்த மரியே', கடைசியில் ஒரு திரித்துவப் புகழ். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் ஒரு மாடிக்கும் அடுத்த மாடிக்கும் நடுவே பதினாறு படி. தரைத்தளமே முதல் மாடி என்பதால் மொத்தம் பதினோரு ஏற்றம், நூற்றெழுபத்தாறு படி. முதல் ஏற்றத்துக்குப் பரலோகம், அடுத்த பத்துக்குப் பத்து மரியே, உச்சியில் திரித்துவப் புகழ். கணக்கு மயிரிழை பிசகாமல் பொருந்தியது. மோத வேண்டிய ஆட்களும் பத்து. அவருக்கே சிலிர்த்தது.

டிசம்பர் 27 அன்று கம்பெனி மருத்துவரிடம் போனார். இதயம் சரியாக இருக்கிறது, எடை 88.4 கிலோ, அது கூடுதல், மெதுவாகத் தொடங்கலாம் என்றார் மருத்துவர். 2025 ஜனவரி 6, திங்கட்கிழமை, காலை 5.30க்குச் செலஸ்டின் படியில் கால் வைத்தார். பிலோமினாவிடம், வேலை சீக்கிரம் தொடங்குகிறது என்று சொல்லியிருந்தார். பொய்க்குப் பொருத்தமாக வேலைச் சட்டையையே போட்டுக்கொண்டார்.

நான்காம் மாடிக்கு ஆறு படி இருக்கையில் இரண்டாவது மரியே அறுந்தது. மிச்சத்தைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பேச்சு மூச்சில்லாமல் ஏறினார். உச்சிக்குப் போய்ச் சேர ஆறு நிமிடம் பத்து வினாடி. மின்தூக்கியில் இறங்கி வந்து குளித்துக்கொண்டிருந்தபோது, 6.12க்குக் கைப்பேசி அடித்தது. கம்பெனி.

"செலஸ்டின், உங்க புளோக்ல லிஃப்ட் நின்னுபோச்சாம். ரெண்டு புகார். லிஃப்ட்காரரே மூச்சு வாங்கிட்டுப் படியில ஏறிப் போறார்னு சொல்றாங்க. அங்க யாரை அனுப்பினோம்?"

செலஸ்டின் காதிலிருந்த சோப்பு நுரையை வழித்தார். "யாரையும் இல்ல. நான் பார்த்துக்கிறேன்."

கீழே போனபோது மின்தூக்கியின் முன்னால் எட்டுப் பேர் நின்றிருந்தார்கள். யாரும் பொத்தானை அழுத்தியிருக்கவில்லை. ஒன்பதாம் மாடி நாகம்மா படியிலேயே இறங்கி வந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அறுபத்தெட்டு வயது. "செலஸ்டினு, நீயே ஏறுனா அப்புறம் யாரு லிஃப்ட்டை நம்புறது?" என்றாள். அவர் பொத்தானை அழுத்தினார். கதவு திறந்தது. பணித்தாளில், புகார் வந்த நேரம் 6.12, பார்த்த நேரம் 6.19, கோளாறு ஏதுமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாளிலிருந்து வீட்டு வாசலைத் தாண்டியதும் வேலைச் சட்டையைக் கழற்றிப் பையில் வைத்தார். பனியனும் சிவப்புத் துண்டும்தான். வாய் வறண்டு போகாமல் இருக்க இரண்டு புதினா மிட்டாய்.

ஜனவரி கடைசியில் ஏழாம் மாடி. பிப்ரவரி 20, வியாழக்கிழமை, பத்து மரியேயும் அறுபடாமல் பன்னிரண்டாம் மாடி. அன்று உச்சியில் நின்று தேக்கா பக்கத்து விளக்குகளைப் பார்த்தபடி அவர் சொன்ன திரித்துவப் புகழ் கொஞ்சம் சத்தமாகவே இருந்தது. சக்தி விட்டுவிடுவானா? "ஒரு தம் ஆச்சு. இனிமே ரெண்டு தம், மூணு தம்னு கூட்டுங்க," என்றான். ஏறுவது காலால், இறங்குவது மின்தூக்கியால், மறுபடி ஏறுவது. ஒரு முழு ஏற்றம் ஒரு தம். அப்படியே பேச்சு வழக்கமாகிவிட்டது.

கோளாறு அங்கேதான் தொடங்கியது.

மார்ச் 14 அன்று நாகம்மா பிலோமினாவை மின்தூக்கியில் பிடித்தாள். "உன் வீட்டுக்காரரை விடியக்காலையில மேல் மாடிப் படிக்கட்டுல பார்த்தேன். தனியா நின்னு இருமிட்டு இருந்தாரு. ஏதோ மிட்டாயைப் பிரிச்சு வாயில போட்டாரு. எனக்கெதுக்கு வம்பு?"

அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கும் யாருக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை. வீட்டுக்குத் தெரியாமல் சிகரெட் பிடிப்பவர்கள் ஒதுங்கும் இடம் மேல் மாடிப் படிக்கட்டு. வாடை மறைக்க மிட்டாய். பிலோமினா அன்று மாலையே துவைக்கிற துணியில் அவர் பனியனை எடுத்து முகர்ந்தாள். வியர்வை நாற்றம். கால்சட்டைப் பையில் மூன்று மிட்டாய்த் தாள்.

17ஆம் தேதி மாலை ஏழு மணி பத்து நிமிடம். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கூடத்தில் செலஸ்டின் அடக்கிய குரலில் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு மூணு தம் சக்தி. மூணாவது தம்ல இருமல் வந்துடுச்சு... ஆமா, பன்னிரண்டாவது மாடியிலதான்... புதன்கிழமையிலேருந்து நாலு தம்... ஐயோ, பிலோவுக்குத் தெரியாதுப்பா. தெரிஞ்சா கொன்னுடுவா."

கீரைக்கட்டு தரையில் விழுந்தது. தவக்காலத்தில்! சத்தியம் வாங்கி எட்டு வருடம் ஆனபின்! நாளொன்றுக்கு மூன்று, புதனிலிருந்து நான்கு!

மறுநாள் செவ்வாய்க்கிழமை, செலஸ்டின் வெளியே போன பத்தாவது நிமிடம் பிலோமினா நாகம்மாவைக் கூட்டிக்கொண்டு மின்தூக்கியில் பன்னிரண்டாம் மாடிக்குப் போனாள். நாகம்மா எதற்கும் இருக்கட்டும் என்று குடையை எடுத்துவந்திருந்தாள். இருவரும் படிக்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றார்கள்.

"தீப்பெட்டி உரசுற சத்தம் கேட்டதும் கதவைத் திற," என்றாள் நாகம்மா.

தீப்பெட்டி உரசவில்லை. கீழேயிருந்து காலடி வந்தது. கூடவே ஒரு குரல், மூச்சுக்கும் வார்த்தைக்கும் நடுவே அடித்துக்கொண்டு. பத்தாம் மாடி. பதினொன்றாம் மாடி. 'அருள் நிறைந்த' தெளிவாகக் கேட்டது. ஜெபமாலையில் ஒருவர் முதல் பாதியைச் சொன்னால் மற்றவர்கள் பின்பாதியைச் சொல்ல வேண்டும். நாற்பத்தாறு வயது பிலோமினாவுக்கு அது நடக்கக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து பழக்கம். கோபம் கோபமாக இருக்க, வாய் வாயாக இருந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து "அர்ச்சிஷ்ட மரியே" என்று பின்பாதியைக் கணீரென்று எடுத்துவிட்டாள்.

"பிலோமினா, நீ யாருக்குப் பதில் சொல்றே?" என்று நாகம்மா குடையை ஓங்கினாள்.

கதவு திறந்தது. செலஸ்டின் தலையிலிருந்து கால்வரை நனைந்து நின்றார். சுவருக்குள்ளிருந்து வானத்துக் குரல் பதில் சொன்னதாகவே நினைத்துவிட்டதில் முகம் வெளுத்திருந்தது.

"வாயைத் திறங்க," என்றாள் பிலோமினா. அவர் ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினார்: திரித்துவப் புகழ் பாக்கி. அதை முடித்த பிறகுதான் வாயைத் திறந்து காட்டினார். அவள் பல் டாக்டரைப்போலக் குனிந்து பார்த்து, முகர்ந்தாள். புதினா.

"சிகரெட் எங்க?"

"எந்தச் சிகரெட்?"

"மூணு தம்! நாலு தம்! என் காதால கேட்டேன்!"

செலஸ்டினுக்குப் புரிய மூன்று வினாடி ஆனது. புரிந்ததும் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தம் இல்லை. படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். நடந்ததையெல்லாம் துண்டு துண்டாகச் சொன்னார். ஜூலை இருபதையும் சொன்னார். மூன்று வருடக் கெடுவையும் சொன்னார்.

பிலோமினா சிவப்புத் துண்டை எடுத்து அவர் நெற்றியைத் துடைத்தாள். பிறகு, "படியில ஜெபம் சொல்ற ஆளு, வீட்டுல சொல்லச் சொன்னா மட்டும் கொட்டாவி விடறீங்க," என்றாள். "இப்ப எத்தனை நிமிஷம் ஆச்சு?"

"எதுக்கு?"

"யாராவது நேரம் எழுதுறாங்களா? எழுதாம எப்படி முன்னேறியிருக்கீங்கன்னு தெரியும்?"

மறுநாளிலிருந்து பன்னிரண்டாம் மாடியில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி வந்தது. பிலோமினா அதில் ஜெபமாலையும் கைப்பேசியுமாக உட்கார்ந்தாள். ஒவ்வொரு தம்மின் நேரமும் அடுப்படி நாட்காட்டியின் கட்டத்தில் ஏறியது. மார்ச் 19: நான்கு தம், சிறந்த நேரம் 2 நிமிடம் 41 வினாடி. ஏப்ரல் 30: ஐந்து தம், 2.20. ஐந்து தம் என்றால் ஜெபமாலை முழுதும் ஒரு சுற்று. மைலோவுக்குத் தடை. அந்தத் தடையை மட்டும் செலஸ்டின் மனதாரச் சபித்தார். எடை மே முதல் வாரத்தில் 82.7.

மே 11 வகுப்பில் ஒரு விஷயம் நடந்தது. பயிற்சி மோதலில் ரமீஸ் வழக்கம்போல இடுப்பைத் திருப்பி உதைக்க வந்தான். அந்த உதையைச் செலஸ்டின் பதினோரு வருடமாக வாங்கிக்கொண்டிருக்கிறார். அன்று அது மெதுவாக வந்தது. ஒதுங்கிக்கொண்டு, அவன் விலாவில் குத்தை வைத்துவிட்டு நின்றார்.

"என்னடா, மெல்ல உதைக்கிற?"

"மெல்லவா? முழு பலம்ணே!" ரமீஸ் விலாவைத் தடவினான்.

இப்ராஹீம் பார்த்துக்கொண்டிருந்தார். "அவன் மெல்ல உதைக்கல. இத்தனை நாள் நீ மூச்சைத் தேடிட்டு இருந்தே. உதையைப் பார்க்க உனக்கு நேரமில்ல. இப்பத்தான் உன் கண்ணுக்கும் கைக்கும் வேலை கிடைச்சிருக்கு."

ஜூலை 20 வந்தது. எடை 79.6. முதல் நாள் மாலைப் பூசைக்கே போய் வந்திருந்ததால் காலை வெறுமையாக இருந்தது. நகம் வெட்டினார், வெட்டிய நகத்தையே மறுபடி வெட்டினார். மன்றத்தில் சுவரோரப் பெஞ்சில் பிலோமினாவும் நாகம்மாவும். நாகம்மா குடையோடுதான் வந்திருந்தாள்.

கட்டா நாற்பத்தைந்து மதிப்பெண். 3.40க்கு மோதல் தொடங்கியது. முதல் மூவர் போனார்கள். நான்காவது ஆள் பாதியில் கையைத் தூக்கினான்.

"மாஸ்டர், அங்கிள் என்னமோ திட்டுறார்."

இப்ராஹீம் கடிகாரத்தை நிறுத்தினார். "என்ன சொல்றே செலஸ்டின்?"

ஆறு மாதப் பழக்கம். உடம்பு உழைத்தால் வாய் தானாக ஓடியது, அவருக்கே தெரியவில்லை. "ஜெபம், மாஸ்டர்."

"நல்லதுதான். உள்ளுக்குள்ள சொல்லு. மோதும்போது பேசினா எச்சரிக்கை. ரெண்டு எச்சரிக்கைன்னா தேர்வு முடிஞ்சுது. இது ஒண்ணு."

பெஞ்சில் பிலோமினாவின் விரல் நான்காவது மணியில் நின்றது. செலஸ்டின் பல்லைக் கடித்துக்கொண்டார். வாய்விட்டுச் சொல்லியே ஏறிப் பழகியவருக்கு வாயை மூடிக்கொண்டு ஏறுவது புதுப் படிக்கட்டு. ஐந்தாவது ஆளிடம் தாடையில் ஒன்று வாங்கினார். ஆறாவது ஆளின் முப்பத்தெட்டாவது வினாடியில் முழங்காலைக் கவனித்தார். அது மடியவில்லை. ஏழாவது ரமீஸ், ஒரு உதை படவில்லை, ஒன்று பட்டது. எட்டு. ஒன்பதில் கண்ணில் வியர்வை இறங்கி ஆளே இரண்டாகத் தெரிந்தான். இரண்டு பேரையும் தடுத்தார்.

பத்தாவது ஆளை அந்த வகுப்பில் மாஸ்டர்தான் சொல்வார். தேர்வுக்கு நிற்பவர் யாரோடு அதிகம் பயிற்சி செய்தாரோ அவரே பத்தாவது. தெரிந்தவன்தான் விட்டுக்கொடுக்க மாட்டான் என்பது அவர் கொள்கை.

"சக்தி," என்றார்.

சக்தி இப்போது மஞ்சள் பட்டை. உதை இன்னும் ஒரு பக்கம்தான் போனது. ஆனால் களைப்பே இல்லாத ஆள் காற்றாடியைப்போல மேலே வந்துகொண்டேயிருந்தான். முப்பது வினாடி செலஸ்டின் பின்வாங்கினார். முப்பத்தொன்றில் ஒரு இடைவெளி பார்த்துக் காலை முன்னே வீசினார். அந்தக் கால் சக்தியின் கண்ணுக்கு முன்னால், கோட்டுக்குள் வந்த கால்போலத் தெரிந்தது. அவ்வளவுதான். மூளையில் கராத்தே அணைந்து மன்னார்குடி எரிந்தது. பாய்ந்து இரண்டு கையாலும் கணுக்காலைக் கட்டிப் பிடித்துவிட்டான்.

செலஸ்டின் மரம்போலச் சாய்ந்தார்.

"டேய், விடுடா! இது கபடி இல்ல!" என்று ரமீஸ் கத்தினான். சக்திக்குக் கேட்கவில்லை, பிடித்த காலை விடக் கூடாது என்பது ஒன்றுதான் அவனுக்குத் தெரிந்திருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தான். இப்ராஹீம் கடிகாரத்தைப் பார்த்தார், நிறுத்தவில்லை. விழுந்தவன் எழ வேண்டும். எப்படி விழுந்தான் என்று விதியில் இல்லை. நாற்பது. நாற்பத்தொன்று.

பார்வையாளர் பேசக் கூடாது என்றும் விதியில் இல்லை. பிலோமினா எழுந்து நின்று பத்தாவது மணியைப் பிடித்துக்கொண்டு, மன்றம் அதிர முதல் பாதியைச் சொன்னாள்.

பின்பாதி செலஸ்டினுடையது. வாயைத் திறந்தால் இரண்டாவது எச்சரிக்கை. உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு முழங்காலை ஊன்றினார். மறு காலில் ஒரு வெல்டர் தொங்கிக்கொண்டிருந்தான், அறுபத்தெட்டுக் கிலோ. பதினொன்றாம் மாடிக்கும் பன்னிரண்டாம் மாடிக்கும் நடுவே உள்ள பதினாறு படியைத் தொடை நன்றாகவே அறிந்து வைத்திருந்தது. ஒரு உந்து. சக்தியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, ஐம்பத்து நான்காவது வினாடியில் இரண்டு காலில் நின்றார். ஆறு வினாடி அப்படியே நின்றார். மணி அடித்தது.

சக்தி கண்ணைத் திறந்து, தான் கட்டிக்கொண்டிருந்த காலைப் பார்த்தான். "ஐயோ, அண்ணே!"

"இது கராத்தே இல்ல," என்றார் இப்ராஹீம். சிரிப்பை அடக்க மீசையைத் தடவினார். "என்னன்னு எனக்குத் தெரியல. ஆனா நிக்கிறான்." பழுப்புப் பட்டையை அவரே அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்ததால் அதற்கு ஒன்றரை நிமிடம் ஆனது.

தேக்காவில் ரமீஸ் தன் செலவில் கோப்பி-ஓ வாங்கி வந்து, இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினான். செலஸ்டின் ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. பிலோமினாவைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். உடனே கடைக்காரரை நோக்கிக் கையைத் தூக்கி, "ஒரு மைலோ! பால் கூட!" என்றார்.

எட்டு நாள் கழித்து, ஜூலை 28 திங்கட்கிழமை காலை 5.20க்கு அந்தப் புளோக்கின் மின்தூக்கி உண்மையாகவே நின்றுபோனது. செலஸ்டின் அவசரமாகக் கருவிப்பெட்டியோடு படியில் ஏறினார், மேலே உள்ள இயந்திர அறைக்கு. வழியில் ஆறு பேர் பார்த்தார்கள். ஒருவர் கை தட்டினார். இன்னொருவர், "இன்னிக்கு எத்தனை தம் அங்கிள்?" என்று கேட்டார். ஒருவரும் கம்பெனிக்குப் போன் செய்யவில்லை. நாகம்மா ஒன்பதாம் மாடியில் பொத்தானை அழுத்தி அழுத்தி இருபத்தாறு நிமிடம் நின்றாள்.

பணித்தாளில் அவர் இப்படி எழுதினார்: புகார் வரவில்லை. கோளாறு உண்டு. சரிசெய்த நேரம் 6.04. படியேறிய நேரம் 1.58, கருவிப்பெட்டியோடு.